சீட்டில் முதலில் நோயின் பெயரை எழுதுங்கள்: குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடும்ப மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு தோல் மருத்துவர். உங்களிடம் காட்டி, சரியாகாமல், அப்புறம் என்னிடம் வருபவர்களைப் பார்ப்பதுதான் என் வேலையில் பெரும்பங்கு. அதனால் நான் பார்ப்பது பாதிப் படம்தான் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் கையில் குணமானவர்கள் யாரும் என் வாசலை மிதிப்பதில்லை. தோல் நோய்களில் பெரும்பகுதியைப் பார்த்துச் சரிசெய்து அனுப்புவது நீங்கள்தான். எங்களுக்கு வருவது மிச்சம். இந்த மடல் அந்த மிச்சத்தைப் பற்றியது.

வருகிறவர்கள் ஒரு பையை மேசையில் கொட்டுவார்கள். பாதி பிதுக்கிய ட்யூப்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர். திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் சரக்கு ஒன்றுதான்: குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஒன்று, பூஞ்சைக்கொல்லி ஒன்று, ஆன்டிபயாட்டிக் ஒன்று. கரப்பானாக (எக்ஸிமா) இருந்தால் முதலாவது கேட்கும், படர்தாமரையாக இருந்தால் இரண்டாவது கேட்கும், சீழ் பிடித்திருந்தால் மூன்றாவது கேட்கும் என்ற கணக்கு. வெளியே வரிசை நீண்டு கிடக்கும் மாலை நேரத்தில் அது கெட்டிக்காரத்தனமாகவே தோன்றும்.

ஸ்டீராய்டின் பக்கவிளைவுகளை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு. அந்தக் களிம்பு கேட்டால் அதில் எது கேட்டது என்று உங்களுக்குத் தெரியாது. கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்றும் தெரியாது. ஒரு மாதம் கழித்து நோயாளி திரும்பி வரும்போது, நோயைப் பற்றி முதல் நாள் தெரிந்ததற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் தோல் முதல் நாள் இருந்தபடி இருக்காது. ஊகிப்பதில் தப்பில்லை, நானும் பல நேரம் ஊகித்துத்தான் வைத்தியம் பார்க்கிறேன். அந்த ஊகத்துக்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. சீட்டின் மேல்வரியில் ‘படர்தாமரை’ என்றோ ‘கரப்பான்’ என்றோ ஒரே ஒரு பெயரை எழுதிவிட்டு, அதற்கான மருந்தை மட்டும் கொடுங்கள். சந்தேகமென்றால் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். பெயர் தவறென்றால் இரண்டு மூன்று வாரத்தில் தோலே காட்டிக்கொடுத்துவிடும்.

படர்தாமரையிலிருந்து தொடங்குகிறேன், தொல்லை அதிகம் அங்கேதான். எந்தக் களிம்பும் படாத படர்தாமரையைக் கண்டுபிடிப்பது சுலபம். வட்டம், சற்றே மேடான விளிம்பு, விளிம்பில் செதில், நடுவில் தெளிந்துவரும் தோல். இதன்மேல் ஸ்டீராய்டு பட்டதும் சிவப்பு அடங்கும், அரிப்பு நிற்கும், மூன்றாம் நாள் நோயாளி உங்களை மனதார வாழ்த்துவார். பூஞ்சை செத்திருக்காது, அதை எதிர்த்து உடல் காட்டிய எதிர்ப்புதான் அடங்கியிருக்கும். களிம்பை நிறுத்தியதும் திரும்ப வரும். இந்தத் தடவை விளிம்பு மங்கி, வட்டத்துக்குள் வட்டம் விட்டு, பார்க்கக் கரப்பான் மாதிரியோ சோரியாசிஸ் மாதிரியோ இருக்கும். இந்த வேஷத்துக்கு 1968-இலேயே ‘டினியா இன்காக்னிட்டோ’, அதாவது மாறுவேடமிட்ட படர்தாமரை, என்று பெயர் வைத்துவிட்டார்கள். தோலின்மேல் பூசும் ஸ்டீராய்டு பலன் தருகிறது என்று காட்டப்பட்டதே 1952-இல்தான்.

ஓர் இளைஞர் வந்திருந்தார். தொடையிடுக்கில் தொடங்கிய அரிப்பு இடுப்பைச் சுற்றிப் பரவியிருந்தது. விளக்கை அருகில் இழுத்துப் பார்த்தால், படையைத் தாண்டித் தொடையின் உள்பக்கம் முழுவதும் ஊதா நிறத்தில் கோடுகள், சில விரல் அகலத்துக்கு. பல மாதமாக அதே களிம்பு. “அரிப்பு போயிடும்ல டாக்டர்?” என்று கேட்டார். போய்விடும் என்றேன். “இந்தக் கோடு?” அது போகாது, நாளானால் நிறம் மங்கும் என்றுதான் சொல்ல முடிந்தது. மடிப்புள்ள இடங்களில் தோல் மெல்லியது. அங்கே பூசிய மருந்து மற்ற இடத்தைவிடக் கூடுதலாக உள்ளே இறங்கும்.

இதைத் தவிர்க்கத் தேவையானது ஒரு மழுங்கிய பிளேடும் ஒரு ஸ்லைடும். விளிம்பிலிருந்து, நடுவிலிருந்து அல்ல, செதிலைச் சுரண்டி எடுத்து, 10 முதல் 20 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி மூடிப் பத்து இருபது நிமிடம் வையுங்கள். மைக்ரோஸ்கோப்பில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தால், செல்களின் எல்லைக்கோடுகளைச் சட்டை செய்யாமல் குறுக்கே ஓடும் கிளைவிட்ட இழைகள் தெரியும். மைக்ரோஸ்கோப் இல்லையென்றால் செதிலைக் கறுப்புத் தாளில் மடித்து லேபுக்கு அனுப்பலாம். அதற்கும் வழியில்லையென்றால் குறைந்தது பாதம், கால்நகம், தொடையிடுக்கு மூன்றையும் பாருங்கள். உடம்பில் படை இருப்பவருக்குப் பூஞ்சையின் இருப்பிடம் பெரும்பாலும் அங்கேதான். அதை விட்டுவிட்டு முதுகுக்கு மட்டும் மருந்து போட்டால் அடுத்த மாதமும் அவர் வருவார்.

சின்ன இடமென்றால் டெர்பினாஃபினோ குளோட்ரிமசோலோ, எதுவும் கலக்காத தனிப் பூஞ்சைக்கொல்லிக் களிம்பு போதும். வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை பூசச் சொல்லுங்கள். கண்ணுக்கு மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடரச் சொல்லுங்கள். பரந்த படைக்கும் நகத்துக்கும் பெரும்பாலும் மாத்திரை வேண்டும், தலைமுடியில் வந்தால் மாத்திரை இல்லாமல் தீரவே தீராது. ஆனால் தடித்து மஞ்சளான நகமெல்லாம் பூஞ்சையல்ல. மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதற்குமுன் நகத்தைச் சோதித்துவிடுங்கள். இன்னொன்று, வாய்வழிக் கீட்டோகோனசோலை இதற்கெல்லாம் இனி எழுத வேண்டாம். கல்லீரல் பாதிப்புக்காக 2013-இலேயே ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதைக் கட்டிப்போட்டுவிட்டன. டெர்பினாஃபின் ஒழுங்காகச் சாப்பிட்டும் அசையாத படர்தாமரை இப்போது இருக்கிறது. டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று 2020-இல் பெயரிடப்பட்ட பூஞ்சை அதில் முக்கியமானது; டெர்பினாஃபின் தாக்க வேண்டிய நொதியையே அது மாற்றிக்கொண்டுவிட்டது. அப்படிச் சந்தேகம் வந்தால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல் அனுப்பிவிடுங்கள்.

அடுத்து சிரங்கு (ஸ்கேபிஸ்), தோலைக் குடையும் சிறு பூச்சியால் வருவது. இதில் உண்மையில் நீங்கள் எங்களைவிட ஒரு படி மேலே இருக்கிறீர்கள். நான் பார்ப்பது ஒரு ஆளை. நீங்கள் பார்ப்பது ஒரு வீட்டை. இரவில் கூடும் அரிப்பு, விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, மார்க்காம்பைச் சுற்றி, பிட்டம், ஆண்குறியில் சின்னச் சின்ன முடிச்சு. இதெல்லாம் நோயாளி சட்டையைக் கழற்றினால்தான் தெரியும். முழங்கையை மட்டும் நீட்டிக் காட்டுபவரிடம் அது ‘அலர்ஜி’ ஆகிவிடும். “வீட்டில் வேறு யாருக்கும் அரிக்கிறதா?” என்ற ஒரு கேள்வி பாதி நோய்நிர்ணயம். சந்தேகமென்றால் விரலிடுக்கில் பேனா மையைத் தடவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிடுங்கள். பூச்சி குடைந்த பாதை இருந்தால் மை அதற்குள் இறங்கி, மெல்லிய வளைந்த கோடாக நிற்கும். நோயாளியும் அதைப் பார்ப்பார். அதற்குப்பின் வீட்டில் எல்லாரும் மருந்து பூச வேண்டும் என்று நீங்கள் மன்றாட வேண்டியிருக்காது.

5 சதவீதப் பெர்மெத்ரின் நல்ல மருந்துதான். அது தோற்றுப்போய் என்னிடம் வருபவர்களை விசாரித்தால், அரிக்கும் இடத்தில் மட்டும் பூசியிருப்பார்கள். அல்லது இரண்டாம் தடவை பூசியிருக்க மாட்டார்கள். அல்லது வீட்டில் ஒருவர், “எனக்கு ஒன்றும் இல்லையே” என்று ஒதுங்கியிருப்பார். முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அந்த ‘ஒன்றும் இல்லாதவர்’ அதுவரை பரப்பிக்கொண்டிருப்பார். ஆகவே சீட்டில் இப்படி எழுதுங்கள்: கழுத்திலிருந்து கால்விரல் வரை, நகக்கண் உட்பட, கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் தலை முகமும் சேர்த்து, இரவில் பூசி எட்டு மணிநேரத்துக்குக் குறையாமல் வைத்துக் காலையில் குளிக்கவும், வீட்டில் எல்லாரும் ஒரே இரவில், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. உடுத்திய துணி, படுக்கை விரிப்பைச் சுடுநீரில் துவைக்கலாம். துவைக்க முடியாததை மூன்று நாள் பையில் கட்டி வைத்தால் போதும், உடம்பைவிட்டு அந்தப் பூச்சி அதற்குமேல் தாங்காது. கடைசியாக ஒன்று, பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் தினமும் பெர்மெத்ரின் பூசி, தோலைக் காயவைத்துப் புதுக் கரப்பானோடு வருவார். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சேர்க்க அவ்வளவு காலம் ஆனதே ஒரு புறக்கணிப்புதான்.

கரப்பானுக்கு வருகிறேன். இங்கே ஸ்டீராய்டு வேண்டும், பயப்படவே கூடாது. சிக்கல் அளவில். எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதாமல் ‘மேலே தடவவும்’ என்று முடித்துவிடுகிறோம். 1991-இல் வந்த விரல்நுனி அளவு உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: பெரியவரின் ஆள்காட்டி விரலில் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். ஒரு காலுக்கு அப்படி ஆறு விரல்நுனி, ஒரு கைக்கு மூன்று. கூட்டிப் பாருங்கள், இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே ஒரு தடவை பூசவே ஒன்பது கிராம் வேண்டும். 15 கிராம் ட்யூப் ஒன்றை எழுதி, ‘தினம் இருவேளை, இரண்டு வாரம்’ என்றால் நோயாளி என்ன செய்வார்? தொட்டுத் தொட்டு வைப்பார். குணமாகாது. நீங்கள் அடுத்ததற்கு வீரியத்தைக் கூட்டுவீர்கள். மாய்ஸ்சரைசரிலும் இதே கதைதான். உடம்பெல்லாம் கரப்பான் உள்ள பெரியவருக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை ஆகும் என்பதை நம்பவே மாட்டார்கள். குளோபெட்டசால் என்றால் தொடர்ந்து இரண்டு வாரம், வாரத்துக்கு 50 கிராமுக்குள். முகத்துக்கும் மடிப்புகளுக்கும் அது வேண்டாம், 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோனில் தொடங்குங்கள். சோரியாசிஸ் என்று சந்தேகம் வந்தால் உச்சந்தலை, நகம், தொப்புள், பிட்டப் பிளவு இவற்றைப் பார்த்துவிடுங்கள். அவருக்கு ஸ்டீராய்டை மாத்திரையாகவோ ஊசியாகவோ போட்டு அனுப்பாதீர்கள். நிறுத்தும்போது உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளமாகக் கிளம்பி மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தவர்கள் உண்டு.

திடீரென்று தடித்து அரித்து மறையும் காணாக்கடிக்கு ஒரு பேனா போதும். தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டு, நேரத்தை எழுதி, மறுநாள் பார்க்கச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் இருந்தது மறைந்து வேறெங்கோ புதிதாக வந்திருந்தால் காணாக்கடிதான். தூக்கக் கலக்கம் தராத வகை ஆன்டிஹிஸ்டமினை (அலர்ஜி மாத்திரை) தினமும் கொடுங்கள், அரித்தால் மட்டும் அல்ல. கேட்காவிட்டால் வழக்கமான அளவில் நான்கு மடங்குவரை படிப்படியாகப் போகலாம். அதே இடத்தில் 24 மணிநேரத்துக்குமேல் நின்று, வலித்து, கன்றிப்போன தழும்பு விட்டால் அது வேறு. எனக்கு அனுப்புங்கள், சதைத்துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்.

முகப்பருவைப் பற்றி இரண்டே வார்த்தை. ஆன்டிபயாட்டிக்கைத் தனியாகக் கொடுக்காதீர்கள், மேலே பூசும் பென்சாயில் பெராக்சைடோ அடாபலினோ சேர்த்தே கொடுங்கள். மாத்திரையென்றால் மூன்று மாதத்தில் நிறுத்தப் பாருங்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்று முதல் நாளே சொன்னால் பத்தாம் நாள் மருந்தை மாற்றும்படி யாரும் கேட்கமாட்டார்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாம் படித்த பாடநூல் படங்களில் பெரும்பாலானவை வெளுத்த தோலில் எடுத்தவை. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் ‘சிவப்பு’ சிவப்பாக இருக்காது. ஊதாவாகவோ பழுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும். கண்ணை நம்ப முடியாத இடத்தில் கையை வையுங்கள், சூடும் வீக்கமும் தெரியும், மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஆனால் இரண்டு காலும் ஒருசேர வீங்கிக் கறுத்து அரித்தால், செல்லுலைட்டிஸ் (தோலடிக் கிருமித்தொற்று) என்று ஆன்டிபயாட்டிக் ஏற்றுவதற்குமுன் யோசியுங்கள். பெரும்பாலும் அது ரத்தநாளத் தேக்கத்தால் வரும் கரப்பான்.

வெளிறிய திட்டு இன்னொரு பொறி. தேமல் என்றால் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், தவிடு மாதிரி பொடிச் செதில் கிளம்பும். கிளம்பாவிட்டால் பஞ்சைத் திரித்து, நோயாளியைக் கண்மூடச் சொல்லித் தொட்டுப் பாருங்கள். திட்டுக்குள் தொட்டது தெரியவில்லை என்றால் தொழுநோயை நினைக்க வேண்டும். முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்று உருட்டிப் பாருங்கள். 1981 முதல் கூட்டுமருந்துச் சிகிச்சை இருக்கிறது, 1995 முதல் உலக சுகாதார நிறுவனம் வழியாக இலவசமாகவும் கிடைக்கிறது, ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ முடிந்துவிடும். தேமல் களிம்போடு வீணாகும் மாதங்களில் செத்த நரம்பை அந்த மருந்து திரும்பத் தராது.

காத்திருக்கக் கூடாதவை சில. புது மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சல், தோலில் எரிச்சலும் வலியும், வாயிலோ கண்ணிலோ புண் என்றால் மருந்தை அந்த நிமிடமே நிறுத்தி மருத்துவமனைக்கு அனுப்புங்கள், களிம்பு எழுத உட்காராதீர்கள். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத புள்ளிகளோடு காய்ச்சல் என்றாலும் அப்படியே. பார்வைக்கு மாற்றம் கொஞ்சம், வலியோ தாங்க முடியாத அளவு என்று ஒருவர் காலைக் காட்டினாலும் அப்படியே. அக்கிக்கு வைரஸ் மருந்தை 72 மணிநேரத்துக்குள் தொடங்குங்கள். மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் அன்றே கண் மருத்துவர் பார்க்க வேண்டும். அப்புறம், செருப்பைக் கழற்றச் சொல்லத் தயங்காதீர்கள். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வருவது அபூர்வம், வந்தால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதே அதிகம். பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரலில்தான் வந்தது. 1981-இல் 36 வயதில் இறந்தார்.

உங்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். சர்க்கரை, ரத்த அழுத்தம், மார்புவலி எல்லாம் கேட்டு முடித்து, எழுந்து கதவருகில் போய், “இன்னொன்னு டாக்டர், இங்கே அரிக்குது” என்பவர்கள்தான் உங்கள் தோல் நோயாளிகள். அந்த அரை நிமிடத்தில் எல்லாவற்றையும் செய்ய முடியாது. முடியாதபோது, எதுவும் கலக்காத மாய்ஸ்சரைசரும் அரிப்புக்கு ஒரு மாத்திரையும் கொடுத்து, “இதற்கென்று தனியாக ஒரு நாள் வாருங்கள்” என்று சொல்வது மூன்று மருந்துக் களிம்பைவிட நல்ல வைத்தியம். அடுத்த தடவை வரும்போது நோய் அதன் சொந்த முகத்தோடு இருக்கும்.

எனக்கு அனுப்பும்போது ‘தோல் பிரச்சினை, தயவுசெய்து பார்க்கவும்’ என்ற ஒரு வரி போதாது. நீங்கள் என்ன நோய் என்று நினைத்தீர்கள், எந்தக் களிம்பு எத்தனை நாள், கடைசியாகப் பூசியது எப்போது, அண்மையில் தொடங்கிய மாத்திரைகள் என்னென்ன என்பதை எழுதுங்கள். மருந்து படுவதற்குமுன் ஜன்னல் வெளிச்சத்தில், கிட்டத்தில் ஒன்றும் தள்ளி நின்று ஒன்றுமாக, நோயாளியின் சொந்த போனிலேயே இரண்டு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பல நேரம் அந்தப் படம்தான் எனக்கு நோயைச் சொல்கிறது. பார்த்து முடித்ததும் என்ன கண்டேன், நீங்கள் எப்படித் தொடரலாம் என்று நோயாளி கையிலேயே பதில் எழுதி அனுப்புகிறேன். பதில் வராவிட்டால் போன் போட்டுக் கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு தோல் மருத்துவர்